குளச்சல்: ஒரு தூணும் ஒரு கல்லறையும்

துறைமுக நகரங்களைக் கால்நடையாகவே பார்க்கவேண்டும் என்பது எங்கள் நண்பர் குழாமில் நெடுநாளாக இருந்துவரும் கொள்கை. கப்பலேறி அயல்நாட்டுத் துறைகளைச் சுற்றிவரும் வாய்ப்பு எல்லோருக்கும் அமைவதில்லை. ஆனால் நாஞ்சில் நாட்டில் இருப்பவர்களுக்கு நாகர்கோவிலில் பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் குளச்சல். உலக வரலாறு ஒருமுறை வந்து கரைதட்டிய ஊர் அது. திங்கள்சந்தை தாண்டியதும் காற்றில் உப்பு ஏறிவிடுகிறது.

கடலுக்குப் போகும் சாலையில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் வெற்றித்தூணுக்கு வழி கேட்டோம். "ராஜாவுக்க தூணா? நேரே போங்க" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அப்படியே கல்லறையையும் பாத்துட்டுப் போங்க" என்று சேர்த்துக்கொண்டார். அவர் சொன்ன வரிசையிலேயே நடந்தோம்.

தூணின் கதை மிளகிலிருந்து தொடங்குகிறது. சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் திருவிதாங்கூருடன் இணைத்துவந்த மார்த்தாண்ட வர்மா, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மிளகு ஒப்பந்தங்களுக்குக் குறுக்கே நின்றார். 1739இல் இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃப் நேரில் வந்து படையெடுப்பதாக மிரட்டினார். அப்படியானால் தமது மீனவர்களையும் வள்ளங்களையும் கொண்டு ஐரோப்பாவின் மீது படையெடுப்பதைத் தாமும் யோசிக்க வேண்டியிருக்கும் என்று அரசர் பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஏளனமாகச் சொல்லப்பட்டதுதான். ஆயினும் அந்தப் பதிலில் அரசர் துணைக்கு அழைத்தது நாயர் படையை அல்ல, கடற்கரை மக்களை.

1740இன் இறுதியில் டச்சுப் படை இலங்கையிலிருந்து வந்து குளச்சலில் இறங்கியது. கடலோர ஊர்களைச் சூறையாடி, தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறியது. திருவிதாங்கூர்ப் படை அதைத் திருப்பித் துரத்திக் கரையோரத்துக் காப்பரணுக்குள் அடைத்தது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கடலை மூடிவிட, கப்பல் வழியே வரவேண்டிய உதவி வந்துசேரவில்லை. பீரங்கிக் குண்டொன்று வெடிமருந்தில் விழுந்து தீப்பற்ற, உணவு இருப்பும் எரிந்துபோயிற்று. 1741 ஆகஸ்டில் டச்சுப் படை சரணடைந்தது.

சரணடைந்தவர்களில் ஒருவரான டி லனாய், பின்னர் அதே அரசரின் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து 'வலிய கப்பித்தான்' ஆனார். 1777இல் மறைந்த அவருடைய கல்லறை, லத்தீனிலும் தமிழிலும் பொறித்த எழுத்துகளோடு உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. வென்றவருக்குத் தூண், தோற்றவருக்கும் கல்லெழுத்து. மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு. மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்தபடி கரையில் வரிசையாக நின்றனர் என்றும், தொலைவில் கப்பலில் இருந்தவர்கள் அவற்றைத் துப்பாக்கிகள் என்று எண்ணி அஞ்சினர் என்றும் இக்கரையில் ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு எஞ்சவில்லை.

தூணின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு ஏ.வி.எம். கால்வாயை நோக்கி நடந்தோம். அனந்த பத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்ட வர்மா என்று ஒரு தெய்வத்தின் பெயரையும் இரு முடிமன்னர்களின் பெயரையும் சுமக்கும் இந்தக் கால்வாய் 1860இல் தொடங்கப்பட்டது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியால் இணைக்கும் அந்தத் திட்டம் முழுமையடையவே இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் புகுந்தபோது, மேட்டுநிலம் நோக்கி ஓடியவர்களில் பலர் இந்தக் கால்வாயில் சிக்கி மாண்டனர். குளச்சலிலும் அருகிலுள்ள கொட்டில்பாட்டிலும் இறந்தோர் நூற்றுக்கணக்கில். தனித்தனியே குழிதோண்ட அவகாசமின்றி அவர்களைச் சேர்த்தே அடக்கம் செய்ய நேர்ந்தது.

முதியவர் சொன்ன கல்லறை அதுதான். குளச்சல் போரின் நினைவு நாளில் திருவிதாங்கூர் மரபில் வந்த மதராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் தூணுக்கு மரியாதை செலுத்துகிறார்கள். டிசம்பர் 26இல் ஊர் மக்கள் மெழுகுவத்திகளோடு கல்லறைக்கு வருகிறார்கள். இரண்டும் ஒரே ஊரின் நினைவு நாள்கள். முன்னது பாடநூலில் இருக்கிறது. பின்னது வீடுகளில் இருக்கிறது.

திரும்பும் வழியில் நண்பரொருவர், 'இன்னும் இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இங்கே வருபவர்கள் எதைப் பற்றி வழி கேட்பார்கள்?' என்றார். எங்களிடம் விடையில்லை. ஆனால் வலையோடு அமர்ந்திருந்தவரிடம் நாங்கள் கேட்டது ஒன்று, அவர் காட்டியது இரண்டு. துறைமுகங்களின் வரலாற்றை எழுதுபவர்கள், தாங்கள் கேட்காமல் விட்ட அந்த இரண்டாவதையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. இந்தக் குறிப்பை எழுதியதும் அதற்காகவே.