‘வேண்டாம்’ எத்தனை நாள் செல்லும்? உலாவிகளின் தானியங்கிப் புதுப்பிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

உலாவிகள் பயனரைக் கேட்காமலே தம்மைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியதைப் பாதுகாப்பின் வெற்றியாகக் காணும் வாசிப்பு வேரூன்றிவிட்டது. அதற்கு மூலச்சான்றாக நிற்பது தாமஸ் டியூபென்டார்ஃபரும் ஸ்டெஃபான் ஃப்ரையும் 2009இல் எழுதிய ‘ஒய் சைலன்ட் அப்டேட்ஸ் பூஸ்ட் செக்யூரிட்டி’ என்னும் ஆய்வு. புதிய வெளியீடு வந்து 21 நாள் கழிந்தபின் எத்தனை பேர் அதற்கு மாறியிருந்தார்கள் என்று, கூகுள் வழங்கிகளின் பதிவுகளைக் கொண்டு அவர்கள் அளந்தார்கள். குரோம் 97 விழுக்காடு, ஃபயர்ஃபாக்ஸ் 85, சஃபாரி 53, ஓபரா 24. ஆகவே ஓசையில்லாப் புதுப்பிப்பை மற்ற நிறுவனங்களும் கைக்கொள்ள வேண்டும் என்பது அவர்களது பரிந்துரை. அளவீட்டில் எனக்கு ஐயமில்லை. அதிலிருந்து பெற்ற முடிபைத்தான் ஏற்க இயலவில்லை.

இந்த நான்கு உலாவிகளும் கேட்பது, கேட்காதது என்ற ஒன்றில் மட்டும் வேறுபடவில்லை. குரோமின் புதுப்பிப்பு நிரல் ஐந்து மணிநேரத்துக்கு ஒருமுறை வழங்கியை விசாரித்தது. ஃபயர்ஃபாக்ஸ் நாளுக்கு ஒருமுறை. ஆப்பிளின் புதுப்பிப்பு நிரல், பயனர் மாற்றாதவரை, வாரம் ஒருமுறை. ஓபராவிலோ முழு நிறுவல் கோப்பையும் இறக்கிப் பயனரே கையால் ஓட்ட வேண்டியிருந்தது. தானியங்கிப் புதுப்பிப்பு அதற்கு வந்தது 2009 செப்டம்பரில், பத்தாம் பதிப்போடுதான். பயனரிடம் தெரிவித்துவிட்டுத் தன்னைத்தானே திருத்திக்கொண்ட ஃபயர்ஃபாக்ஸ் 85 விழுக்காட்டை எட்டியிருக்கிறது. அப்படியானால் 24க்கும் 85க்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க மௌனம் தேவைப்படவில்லை. மௌனத்தின் கணக்கில் வைக்கக்கூடியது மிஞ்சிப்போனால் 12 புள்ளி. அதிலும் விசாரிக்கும் இடைவெளிக்கு ஒரு பங்கு உண்டு.

அந்த 12 புள்ளி அற்பம் என்று சொல்ல வரவில்லை. பிளாஸ்டர் புழு தாக்கிய ஓட்டைக்கான திருத்தம் 2003 ஜூலை 16 அன்றே வெளிவந்துவிட்டது. புழு கிளம்பியது ஆகஸ்ட் 11இல். இடையிலிருந்த 26 நாளில் திருத்திக்கொள்ளாத கணினிகளே மாட்டின. பாதுகாப்புத் திருத்தம் விரைந்து போய்ச்சேர வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இருக்க முடியாது.

என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர்கள் அளந்தது ஒரே முதன்மைப் பதிப்புக்குள் நிகழ்ந்த சிறு வெளியீடுகளை, அதாவது திருத்தங்களை. தோற்றமும் பட்டிகளும் மாறி, பழைய அலுவலக மென்பொருள் ஓடாமற்போகச் செய்யும் புதிய பதிப்பு அந்த அளவுகோலில் இடம்பெறவில்லை. அன்று உலகில் பெரும்பாலோர் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் இடம்பெறவில்லை. அது தன் முதன்மைப் பதிப்பெண்ணை மட்டுமே வழங்கிக்குச் சொல்லும். உள்ளே எந்தத் திருத்தம் இருக்கிறது என்று சொல்லாது. விடுபட்ட அந்த உலாவியில்தான் திருத்தமும் புதிய பதிப்பும் தனித்தனியே நடத்தப்பட்டதற்கான தெளிவான சான்று கிடைக்கிறது.

அந்தச் சான்று ஒரே ஒரு வரி. 2006இல் எக்ஸ்ப்ளோரர் 7 தானியங்கிப் புதுப்பிப்பின் வழியே வரவிருந்தபோது, அதைத் தடுக்க விரும்பும் நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு தடுப்புக் கருவியைக் கொடுத்தது. அது செய்வதெல்லாம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்ப்ளோரருக்குரிய ‘செட்டப்’ கிளையில் ‘7.0’ என்னும் பிரிவின்கீழ் ‘டூநாட்அலவ்ஐஇ70’ என்றொரு பெயரைப் பொறித்து, அதன் மதிப்பை 1 என வைப்பதுதான். திருத்தங்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். புதிய பதிப்பு மட்டும் வராது. தடுக்காத கணினியிலும் அது சத்தமில்லாமல் ஏறவில்லை. நிறுவு, நிறுவாதே, பிறகு கேள் என மூன்று பொத்தான்களோடு அனுமதி கேட்டது.

இதற்கு முந்தைய வடிவம் ஒன்று உண்டு. 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்குக்குத் தரப்பட்ட ‘டூநாட்அலவ்எக்ஸ்பிஎஸ்பி2’ என்ற தடை 2005 ஏப்ரல் 12 அன்று காலாவதியாகும் என முன்னரே அறிவிக்கப்பட்டது. எக்ஸ்ப்ளோரர் 7இன் தடைக்கு அப்படிக் கெடு ஏதும் இல்லை. ஆனால் எட்டாம் பதிப்பு வந்ததும் ‘8.0’ பிரிவில் ‘ஐஇ80’ என்ற புதிய பெயரைப் பொறிக்க வேண்டியிருந்தது. ஏழுக்குச் சொன்ன மறுப்பு எட்டுக்குச் செல்லவில்லை. பிறகு 90, 10, 11 என ஒவ்வொன்றுக்கும் தனித் தடை.

நிரலாளரின் வசதிக்காக இப்படி அமைந்தது, இதில் கொள்கை ஏதுமில்லை என்று வாதிடலாம். அதை நான் ஒப்பவில்லை. எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான ஒரே தடையை வைப்பது இதைவிட எளிது. எளியதை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் மறுப்பைப் புதிதாகக் கேட்டிருக்கிறார்கள் என்றால், பயனரின் ‘வேண்டாம்’ ஒரு பதிப்புக்கு மேல் செல்லாது என்னும் எண்ணம் அந்த அமைப்பிலேயே பதிந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நோக்கத்தை நேரடியாகச் சொல்லும் ஆவணம் இல்லாதவரை இதை உறுதி என்பதற்கில்லை. வலுவான ஊகம் என்பேன்.

திருத்தத்தையும் புதியதையும் பிரித்த எல்லைக்கோடு அக்காலத்தில் உயிரோடு இருந்தது என்பதற்கு ஆப்பிளும் சாட்சி. 2008 மார்ச்சில் விண்டோஸில் ஐடியூன்ஸ் வைத்திருந்தவர்களுக்குப் புதுப்பிப்பு என்ற பெயரில் சஃபாரி 3.1 நீட்டப்பட்டது, தேர்வுப்பெட்டியில் முன்கூட்டியே குறியிட்டு. மொசில்லாவின் அன்றைய தலைவர் ஜான் லில்லி கண்டித்தார். அடுத்த மாதமே ஆப்பிள் புதுப்பிப்புகள் ஒரு பட்டியல், புதிய மென்பொருள் இன்னொரு பட்டியல் எனப் பிரித்தது.

கோடு அழிந்த நாளைத் துல்லியமாகக் குறிக்க இயலவில்லை. குரோம் ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு என அறிவித்த 2010 ஜூலையைச் சிலர் தொடக்கமாகக் கொள்ளலாம். நான் 2011 ஜூன் 21ஐ முன்வைப்பேன். மார்ச்சில் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 4க்குரிய பாதுகாப்புத் திருத்தம் அன்று ஃபயர்ஃபாக்ஸ் 5ஆகவே வந்தது. ஓட்டையை அடைக்க வேண்டுமானால் புதிய பதிப்பை ஏற்றே ஆக வேண்டும் என்றானது. நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பின் 2012 ஜனவரி 31இல் பத்தாம் பதிப்போடு நீள்காலப் பதிப்பு வந்தபோது, பழைய பிரிவினை ஒரு சாராருக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது. அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் தொடங்கி எக்ஸ்ப்ளோரரும் கேட்காமலே பதிப்பு மாறலாயிற்று. எட்டையோ ஒன்பதையோ முன்பு மறுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. மறுப்பு ஒருமுறை நினைவில் வைக்கப்பட்டது இங்கேதான். இந்த மாற்றத்துக்கு நிறுவன வாடிக்கையாளரின் அழுத்தம் காரணமா, ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர் பற்றிய அச்சமா என்பது தனியே ஆராய வேண்டியது.

அந்த விலக்கும் நீடிக்கவில்லை. 2016 ஜனவரி 12 முதல், அந்தந்த விண்டோஸில் இயங்கக்கூடிய கடைசி எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே திருத்தம் என்றானது. ரெஜிஸ்ட்ரியில் பொறித்த தடை அதன்பின்னும் செல்லுபடியானது; திருத்தம்தான் நின்றுபோயிற்று.