செக்றோல் முதல் நினைவுமலர் வரை: ஊவாத் தோட்டங்களில் கற்றோர் பற்றிய பதிவுகளின் வரலாறு

ஒரு கல்லூரியில் கற்று வெளியேறியவர்கள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்பதைத் திரட்டிவைக்கும் வழக்கம் இலங்கைத் தமிழரிடையே முதலில் யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, தன் மாணவர்களின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு வெளியிட்டது. அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியின் இதழிலும் பழைய மாணவர் செய்திகளுக்கு இடம் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் பயின்றவர்கள். அதே தீவில், 1886இல் தனி மாகாணமான ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் இந்த வழக்கம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிந்தியே தலைகாட்டியது. வந்தபோதும் அது வேறு வடிவில் வந்தது: யாழ்ப்பாணத்தில் பதிவின் மையம் கல்லூரி, ஊவாவில் பதிவின் மையம் ஆசிரியர். இந்த வேறுபாட்டுக்கான காரணங்கள் தோட்டப் பாடசாலையின் அமைப்பிலும் மலையக மக்களின் குடியுரிமை வரலாற்றிலும் கிடக்கின்றன.

தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு புகட்டும் முயற்சி மிஷன்களிடமிருந்து தொடங்கியது. 1854இல் உருவான தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசிமாரைத் தோட்டங்களுக்கு அனுப்பியது. பதுளையை மையமாகக் கொண்டு வெஸ்லியன் மிஷன் பின்னர் பணியாற்றியது. அக்காலத்து மிஷன் அறிக்கைகளில் பிள்ளைகள் பெரும்பாலும் தொகையாகவே வருகிறார்கள்; இத்தனை பாடசாலை, இத்தனை மாணவர், இத்தனை ஞானஸ்நானம் என்பதற்கு அப்பால் பெயர்கள் அரிது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. சட்டம் பொறுப்பைச் சொன்னதே தவிர, அதை நிறைவேற்றச் செய்யும் வலு அதற்குக் குறைவு. பல தோட்டங்களில் பாடசாலை என்பது லயத்தின் (தொழிலாளர் வரிசைவீட்டின்) கோடிக் காம்பராவோ, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவோடு ஒட்டிய ஒரு கொட்டகையோதான். ஓராசிரியர், அவரே எல்லா வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைப்பார். மணலில் விரல் வைத்து எழுதுவோர் ஒரு மூலை, சிலேட்டுப் பிடித்தோர் இன்னொரு மூலை. அவருடைய சம்பளமும் தோட்டத்து ஆபீசிலிருந்தே வந்ததால், சில இடங்களில் கணக்கு எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

அந்தப் பாடசாலையில் பட்டமளிப்பு என்று ஒன்று இல்லை. பிள்ளைக்குப் பத்து, பன்னிரண்டு வயதாகி மலைக்கு வேலைக்குப் போகும் நாளில் அதன் பெயர் செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறியது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு நாளும் ‘பேர்’ (முழுநாள்) அல்லது ‘அரைப்பேர்’ (அரைநாள்) என்று குறிக்கப்பட்டது. பாடசாலையை விட்டவர்கள் எங்கே போனார்கள் என்ற கேள்விக்குத் தோட்டம் வைத்திருந்த ஒரே ஒழுங்கான விடை இந்தச் செக்றோல்தான். கூலி கணக்கிடுவதற்காகத் துரைமார் வைத்த ஏடு, வேறொரு பதிவும் இல்லாத காரணத்தால் ஒரு சமூகத்தின் பழைய மாணவர் பட்டியலாகவும் ஆகிவிட்டது.

செய்தி பரவும் வழிகளும் தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. காலைப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்துக்கு) ஆட்களை அழைத்த தப்பே சாவையும் அறிவித்தது. அடுத்த தோட்டத்திலிருந்த சொந்தக்காரருக்குக் கேதம் சொல்ல ஆள் நடந்து போனான். 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தபின் கடிதமும் பத்திரிகையும் வேகமாக வரத் தொடங்கின. 1930 ஆகஸ்டில் சுப்பிரமணியம் செட்டியார் தொடங்கிய வீரகேசரி, தோட்டத்துக் கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைக்காரர் ஆகியோரின் கைக்கு வந்த நாளிதழ். மரண அறிவித்தல் என்ற தனிப்பத்தி வழியாக ஒரு சாவுச் செய்தி தோட்டத்து எல்லையைத் தாண்டியது இந்தக் காலத்தில்தான். பின்னர் இலங்கை வானொலியின் தமிழ்ச்சேவை மரண அறிவித்தல்களை வாசித்தபோது, தோட்டத்து வீடுகளிலும் அது ஒரு அன்றாடக் கடமைபோலக் கேட்கப்பட்டது. ஆனாலும் பத்திரிகைக்குப் பணம் கட்டி அறிவித்தல் போட முடிந்தவர்களே அதில் இடம்பெற்றனர். இறந்தவர் எங்கே படித்தார் என்பதை அந்த அறிவித்தல்கள் சொல்வதில்லை. யாருடைய மகன், யாருடைய மருமகன், எந்தத் தோட்டம் என்பவையே முதன்மை.

தோட்டப் பாடசாலைக்கு அப்பால் படிக்க விரும்பியவர்களுக்குப் பதுளை நகரமும் பண்டாரவளையும் இருந்தன. கத்தோலிக்கரின் புனித பீட்ஸ் கல்லூரி, மெதடிஸ்தரின் ஊவாக் கல்லூரி, பின்னாளில் சரஸ்வதி வித்தியாலயம், தமிழ் மகளிர் வித்தியாலயம் ஆகியவை அந்தப் படிக்கட்டின் மேல் படிகள். அவற்றுக்குள் நுழைந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி, கணக்கப்பிள்ளை, ஆசிரியர், நகர வியாபாரி ஆகியோரின் பிள்ளைகள். கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு நகரத்தில் தங்க இடமும் பஸ் காசும் கிடைப்பது அபூர்வம். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டின் பிற பகுதிகளில் மத்திய கல்லூரிகளைப் பெருக்கியபோதும் தோட்டப் பாடசாலைகள் துரைமாரின் பொறுப்பிலேயே விடப்பட்டன. 1947இல் கல்விச் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. தோட்டங்களில் நிலைமை அதனால் பெரிதாக மாறவில்லை.

இந்தப் படிக்கட்டில் ஏறி வந்தவர்களுள் நன்கு அறியப்பட்டவர் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். ஹாலி-எலைக்கு அருகிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்தவர். தந்தை தோட்டப் பாடசாலை ஆசிரியர். முதல் எழுத்துகளைத் தந்தையின் பாடசாலையில் கற்று, பின் கும்பகோணத்தில் சில ஆண்டுகள் படித்து, திரும்பிவந்து பதுளைப் புனித பீட்ஸ் கல்லூரியில் தொடர்ந்தார். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்ததால் அந்தத் தோட்டத்தின் பெயரே இவர் பெயருக்கு முன்னொட்டாயிற்று. இந்தப் பாதையில் இருக்கும் கும்பகோணம் கவனிக்கத்தக்கது. மலையகத்தில் சற்று வசதி கிடைத்த குடும்பம் பிள்ளையை ஊருக்கு அனுப்பிப் படிக்கவைத்தது. ‘ஊர்’ என்றால் தமிழ்நாடு. ஒரே மாணவனின் பள்ளிப் பதிவுகள் இரு நாடுகளில் சிதறிக்கிடக்க இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் சட்டம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தலைமன்னார் கப்பல்துறையில் பிரிந்தனர். போனவர்களில் பலர் நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்த் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டம் பின்னாளில் டான்டீ ஆயிற்று. அது தாயகம் திரும்பியோருக்கென்றே உருவானது. பழைய மாணவர் சங்கம் என்றால் மாணவர்கள் ஒரு நாட்டில், ஒரு நகரத்தைச் சுற்றி இருக்கவேண்டும். ஊவாத் தோட்டப் பாடசாலைக்கு அந்த அடிப்படையே இல்லாமல் போயிற்று.

1960களில் கல்விபெற்ற இளைஞர் தலைமுறை ஒன்று எழுந்தபோது நினைவுகூரும் முறையும் மாறத் தொடங்கியது. ஊவாவுக்கு வெளியே, ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்து அதிபருமான இர. சிவலிங்கம் இந்த மாற்றத்தின் நடுவில் நின்றவர். அவருடைய வகுப்பறையிலிருந்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் தொழிற்சங்கத்தினரும் வந்தனர். ‘உரிமை எங்கே?’ என்ற சிறுகதைக்காகக் கல்கியின் பரிசு பெற்ற திருச்செந்தூரன் அவருடைய சக ஆசிரியர். சிவலிங்கம் பின்னர் இந்தியா சென்று, நீலகிரியில் தாயகம் திரும்பியோரிடையே பணியாற்றினார், 1999இல் காலமானார். அதன்பின் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் ஞாபகார்த்தக் குழு அமைத்து நினைவுப் பேருரைகளை நடத்தினர். அவர் ஹட்டனில் கற்பித்தவர், நீலகிரியில் வாழ்ந்தவர்; அவருடைய மாணவர்களோ மலையகமெங்கும் கொழும்பிலும் பரவியிருந்தனர். இவர்களை ஒன்றுகூட்ட ஒரு கட்டடம் போதாது. ஒரு பெயர் தேவைப்பட்டது. கல்லூரியின் பெயரைவிட ஆசிரியரின் பெயர் அதற்குப் பொருத்தமாயிருந்தது.

இதே காலத்தில் பத்திரிகை இன்னொரு வாசலைத் திறந்தது. வீரகேசரியில் எஸ். எம். கார்மேகம் கவனித்த தோட்டமஞ்சரிப் பக்கமும், மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் நடத்திய சிறுகதைப் போட்டிகளும் தோட்டத்து இளைஞர்களை எழுதத் தூண்டின. பரிசுக்கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்று நூலாயின. பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தனின் வைகறை வெளியீட்டகம் 1979இல் ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியையும், அடுத்த ஆண்டு என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ தொகுதியையும் கொண்டுவந்தது. 1990களின் இறுதியில் துரைவி பதிப்பகத்துக்காக ஜோசப் தொகுத்த ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ ஆகிய இரு நூல்களும், அவருடைய ‘மலையகச் சிறுகதை வரலாறு’ம் எழுத்தாளர்களைத் தேடிப்பிடித்துப் பதிந்தன. சாரல் நாடன் கோ. நடேசய்யர், சி. வி. வேலுப்பிள்ளை ஆகியோர் பற்றி எழுதிய நூல்களும் இதே பணியைச் செய்தன. எந்தத் தோட்டத்தில் பிறந்தவர், எங்கே படித்தார், எதில் எழுதினார் என்ற விவரங்கள் இலக்கிய வரலாறு என்ற பெயரில் சேர்ந்தன. வேறிடங்களில் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் செய்யும் வேலையை மலையகத்தில் தொகுப்பாசிரியர் செய்தார். இலக்கியத் தரத்தைப் பார்த்து இத்தொகுப்புகளைக் குறைகூறுவோர் உண்டு. ஆவணம் என்று பார்த்தால் இவற்றுக்கு மாற்றில்லை.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாகக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வந்தன. 1980களில் சுவீடன் உதவியுடன் கட்டடங்களும், 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் வந்தன. தோட்டத்துப் பிள்ளையே தோட்டத்துக்கு ஆசிரியராகத் திரும்பும் வழி இதனால் விரிந்தது. இடையே 1983 ஜூலை இனவன்முறையில் பதுளை நகரத் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. அவற்றோடு வீட்டுக்குள் இருந்த சான்றிதழ்களும் படங்களும் போயின.

ஆண்டுவிழா மலர், பொன்விழா மலர் என்னும் வடிவம் பாடசாலைகளில் பரவியது இந்தப் பிற்காலத்தில்தான். அதன் உள்ளடக்கம் எங்கும் ஒரேமாதிரி: அமைச்சர், மாகாணக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர், அதிபர் என வரிசையாக ஆசிச்செய்திகள், மாணவர் கவிதைகள், நகரத்து நகைக்கடை, புடவைக்கடை, மருந்துக்கடை விளம்பரங்கள். ஆசிச்செய்திகளால் ஆய்வாளருக்கு அதிகப் பயனில்லை. பயனுள்ளவை மூன்று இடங்களில் இருக்கும்: அதிபர்களின் பெயர்ப்பட்டியல், பாடசாலை வரலாறு என்ற கட்டுரை, ‘அமரர்’ என்று தொடங்கும் அரைப்பக்க நினைவுக்குறிப்புகள். அந்தக் குறிப்புகளிலும் நினைக்கப்படுபவர் பெரும்பாலும் ஆசிரியரே. பாடசாலைக்கு வராத பிள்ளையைத் தேடி லயத்துக்கே போனவர், கொப்பி வாங்கிக் கொடுத்தவர் என்ற வகையில் அவை எழுதப்படுகின்றன. மாணவர் எவராவது குறிக்கப்பட்டால் அவர் மருத்துவராகவோ சட்டத்தரணியாகவோ இருப்பார்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட முறை வந்தபின் கற்றோர் பற்றிய செய்தியின் இயல்பும் மாறியது. இன்றைய முறையில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அந்தப் பதினாறில் பதுளையும் ஒன்று. ஆனால் மாவட்டத்துக்குள் நகரத்துப் பெரிய பாடசாலை மாணவரோடுதான் தோட்டத்து மாணவரும் போட்டியிட வேண்டும், வெட்டுப்புள்ளி ஒன்றே. விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் குறைவாக இருப்பதால் கலைப்பிரிவிலேயே பலர் தேறுகின்றனர். உயர்தரப் பெறுபேறு வெளியானதும் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்குக் கோயிலடியில் பதாகை கட்டப்படுகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. செக்றோலில் தொகையாக இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பெயராகவும் முகமாகவும் செய்தியில் வருவது இங்கேதான். 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் பதுளையிலேயே தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் வழங்குகிறது. கொழுந்தை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பறித்த ஊரில் அதைப் பாடமாகப் படிக்கவும் வழி வந்திருக்கிறது.

இந்தப் பதிவுகளில் பெண்கள் மிகக் குறைவு. கல்வி இடைநிறுத்தம் பெண்பிள்ளைகளிடையே முன்னதாகவே நடந்ததும், திருமணத்துக்குப்பின் வேறு தோட்டத்துக்கு வேறு பெயரோடு போனதும் காரணங்கள். மலர்களின் பட்டியலில் இடம்பெறும் பெண்களையும் அதன்பின் பின்தொடர முடிவதில்லை. அப்புத்தளைப் பகுதியிலிருந்து எழுதிய நயீமா சித்தீக் போன்றோர் நினைவில் நிற்பதற்கு எழுத்தே துணை. பள்ளிப் பதிவு அல்ல.

தெளிவத்தை ஜோசப் 2022 அக்டோபர் 21இல் காலமானபோது அஞ்சலிகள் கொழும்பிலும் தமிழ்நாட்டிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் எழுதப்பட்டன. தமிழ்நாட்டில் 2013இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டிருந்தது அந்தப் பரவலுக்கு ஒரு காரணம். அவற்றுள் பல அவரை ஊவாக்கட்டவளை ஆசிரியரின் மகன் என்று தொடங்கி அறிமுகப்படுத்தின. இத்தகைய பதிவுகளைக் காக்கும் முயற்சியாக, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் திட்டம் மலையக நூல்களையும் மலர்களையும் இதழ்களையும் எண்மப்படுத்தி வருகிறது. ஆனால் தோட்டப் பாடசாலைகளின் பழைய சேர்வுப் பதிவேடுகள் இன்றும் பெரும்பாலும் அந்தந்தப் பாடசாலை அலுமாரிகளிலேயே உள்ளன. மண்சரிவு அபாயத்தால் பாடசாலை இடம்மாறும்போதோ, மாணவர் தொகை குறைந்து மூடப்படும்போதோ அவற்றை எங்கே ஒப்படைப்பது என்பதே மலையகக் கல்வி வரலாற்றை எழுதுவோர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியாகிறது.