அந்தமானில் எங்கே தங்குவது? ஒரு கேள்வியின் வரலாறு

திருமணப் பருவம் தொடங்கிவிட்டால் ஆய்வு மாணவர் வட்டத்திலும் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேர்கிறது. தேனிலவுக்கு அந்தமான் செல்வதென்று முடிவாயிற்று. எந்தத் தீவில் எத்தனை இரவு? ஹேவ்லாக்கில் மூன்றா, நீல் தீவில் இரண்டா? மூன்றாம் எண் கடற்கரையா, ஐந்தாம் எண்ணா, ஏழாம் எண்ணா? பயண முகவர்கள் இதற்கு ஐந்து நிமிடத்தில் விடை சொல்லிவிடுவார்கள். வரலாறு படிப்பவருக்கு அது சற்று நீண்ட கேள்வி. ஏனெனில் இத்தீவுகளில் 'எங்கே தங்குவது' என்பதை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒருவருக்காக மற்றொருவரே முடிவு செய்து வந்திருக்கிறார்.

முதலில் அதை முடிவு செய்தவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியார். 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் ஒரு குடியிருப்பை நிறுவினார். நல்ல துறைமுகம், குடியிருப்பும் ஓரளவு செழித்தது. ஆயினும் கடற்படையின் தேவை கருதி 1792-இல் அதை வட அந்தமானுக்கு மாற்றினார்கள். அங்கே நோய் மலிந்து மக்கள் மடிந்தனர். 1796-இல் குடியேற்றமே கைவிடப்பட்டது. தங்குமிடத் தேர்வு பிழைத்தால் உயிரே விலையாகும் என்ற பாடம் அரசின் ஆவணங்களில் அன்றே பதிவாகிவிட்டது.

இரண்டாவது முயற்சி 1857-இன் பேரெழுச்சிக்குப் பின் வந்தது. 1858 மார்ச்சில் மருத்துவர் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். சாத்தம் தீவில் தண்ணீர் போதவில்லை. ஆகவே தலைமையிடம் ராஸ் தீவுக்கு மாறியது. சிறியது, நாற்புறமும் நீர், காவல் எளிது என்பவை அதற்குரிய காரணங்கள். ஆள்வோர் அங்கே மாளிகையும் தேவாலயமும் நடனக் கூடமும் கட்டிக்கொண்டனர். கைதிகள் எதிர்க்கரையில் காட்டை வெட்டினார்கள். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறை, தனிமை அறைகளின் எண்ணிக்கையால் பெயர் பெற்றது. இன்று புதுமணத் தம்பதியர் மாலை ஒளி-ஒலிக் காட்சி காணும் முற்றம் அதுதான்.

புதுமணத் தம்பதியர் என்போர் இத்தீவுகளுக்குப் புதியவர்களும் அல்லர். தண்டனைக் குடியிருப்பில் நல்லொழுக்கத்துடன் குறித்த ஆண்டுகளைக் கழித்த ஆண் கைதிக்குத் 'தற்சார்புக் குடியானவர்' என்ற தகுதி கிடைத்தது. அவர் நிலம் பெற்றுப் பயிரிடலாம். ஊரிலிருந்து மனைவியை வரவழைக்கலாம். அல்லது பெண்கள் சிறையிலிருந்து ஒருத்தியை, அதிகாரிகளின் இசைவோடு மணந்து கொள்ளலாம். அப்பெண்ணுக்குச் சிறைக்கு வெளியே வாழ்வதற்கான வழி பெரும்பாலும் அத்திருமணம் ஒன்றே. மணம் முடிந்து அவர்கள் குடிபுகுந்த ஊரை அரசே ஒதுக்கிற்று. வேறு வேறு மொழியும் சாதியும் சமயமும் கொண்டோர் இப்படி இணைந்து, இந்துஸ்தானியைப் பொதுமொழியாக்கிக் கொண்டனர். அவர்தம் வழித்தோன்றல்களே இன்று 'உள்ளூர்ப் பிறப்பினர்' என்று அறியப்படும் சமூகம். அந்தமானில் மணமக்களுக்கான தங்குமிட வரலாற்றை எழுதுவோர் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதே காலத்தில் தீவின் ஆதிகுடிகளுக்கும் ஒரு தங்குமிடம் 'ஏற்பாடு' செய்யப்பட்டது. 1863-இல் ராஸ் தீவில் தொடங்கிய 'அந்தமான் இல்லம்' பேரந்தமானியரை வசப்படுத்தவும் பழக்கவும் நிறுவப்பட்டது. அந்த இல்லங்களில் மேகநோயும் தட்டம்மையும் பரவின. பல ஆயிரமாக இருந்திருக்கக்கூடிய அம்மக்கள், 1961 கணக்கெடுப்பின்போது இருபதுக்கும் குறைவாகக் குறுகிப் போயிருந்தனர். எஞ்சியோரைப் பின்னர் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியதும் அரசின் முடிவே.

இனி, தேனிலவுப் பயணிகள் மிகுதியும் நாடும் ஹேவ்லாக்குக்கும் நீலுக்கும் வருவோம். இவை ரிச்சி தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தவை. அதன் தீவுப் பெயர்களை வரிசையாகப் படித்தால் 1857-ஐ ஒடுக்கிய ஆங்கிலத் தளபதிகள், ஆட்சியாளர்களின் பட்டியலாகவே இருக்கும்: ஹேவ்லாக், நீல், அவுட்ரம், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நிக்கல்சன். எழுச்சியில் சிறைப்பட்டோரை அனுப்பிய கடலிலேயே, அவர்களை ஒடுக்கியோரின் பெயர்களையும் பொறித்து வைத்தனர். இவர்களுள் நீல் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவர்தாம். சென்னைப் படைப்பிரிவை வடக்கே நடத்திச் சென்று, அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடிய பழிவாங்கல்களை நிகழ்த்தியவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. அதை அகற்றக்கோரி 1927-இல் நடந்த அறப்போரில் கடலூர் அஞ்சலையம்மாள் உட்படப் பலர் சிறை சென்றனர். 1937-இல் ராஜாஜி தலைமையிலான அரசு வந்தபின் சிலை அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. தீவின் பெயர் மாற மேலும் எண்பத்தோர் ஆண்டுகள் ஆயின.

பெயர் மாற்றத்துக்கு அடிப்படையான நிகழ்வு ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தது. 1943 டிசம்பர் இறுதியில் போர்ட் பிளேருக்கு வந்த சுபாஷ் சந்திர போஸ் அங்கே மூவர்ணக் கொடி ஏற்றினார். அந்தமானுக்கு 'ஷகீத்', நிக்கோபாருக்கு 'ஸ்வராஜ்' என்ற பெயர்களை அறிவித்தார். அதன் 75-ஆம் ஆண்டு நிறைவில், 2018 டிசம்பரில், நீல் 'ஷகீத் த்வீப்' என்றும் ஹேவ்லாக் 'ஸ்வராஜ் த்வீப்' என்றும் ராஸ் 'நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்' என்றும் ஆயின. 2024-இல் போர்ட் பிளேர் 'ஸ்ரீ விஜயபுரம்' ஆயிற்று. முன்பதிவுத் தளங்களில் இரு பெயர்களும் கலந்து கிடக்கின்றன. பயணிகள் குழம்புவது இயல்பே.

ஆனால் ஹேவ்லாக்கின் ஜப்பானியக் காலத்தில் பெயர்ப்பலகை ஏறாத மற்றொரு நிகழ்வு உண்டு. 1945 ஆகஸ்டு, போர் முடியும் தறுவாய். உணவுப் பஞ்சம் கடுமையாக இருந்தது. வேலைக்கு உதவாதோர் என்று கருதப்பட்ட நூற்றுக்கணக்கான மக்களை, புதிய இடத்தில் குடியமர்த்திப் பயிரிட வைப்பதாகச் சொல்லி, ஜப்பானியர் படகுகளில் ஏற்றினர். ஹேவ்லாக் கரைக்கு அப்பால் இரவில் அவர்களைக் கடலில் இறங்கும்படி விரட்டினர். பலர் மூழ்கினர். நீந்திக் கரையேறியோர் குடியிருப்பற்ற அந்தத் தீவில் பசியால் இறந்தனர். மீட்பவர் வந்தபோது உயிருடன் எஞ்சியோர் மிகச் சிலர். இன்று தீவின் விளம்பரப் படங்களில் காணும் அதே நீலக் கடல்தான் அது.

அத்தீவு ஊராக மாறியது பிரிவினைக்குப் பின். 1949 முதல் கிழக்கு வங்காள அகதிக் குடும்பங்கள் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பப்பட்டன. 1950-களில் ஹேவ்லாக்கும், 1960-களில் நீலும் குடியேற்றப்பட்டன. பயிர்த்தொழில் அறிந்த குடும்பங்களுக்கே முன்னுரிமை. நெல்லுக்குத் தாழ்நிலம், வீட்டுக்கும் தோப்புக்கும் மேட்டுநிலம் என ஏக்கர் கணக்கில் அளந்து கொடுக்கப்பட்டது. காட்டை வெட்டிச் சமன்படுத்தியோருள் பலர் சோட்டாநாக்பூரிலிருந்து வந்த 'ராஞ்சி' தொழிலாளர்கள். அவர்களுக்கு அத்தகைய நில ஒதுக்கீடு கிடைக்கவில்லை. பலர் வனநிலத்தின் ஓரங்களில் பட்டா இன்றியே வாழ்ந்து வந்தனர்.

புதிதாக வந்தோர் தம் ஊர்களுக்குத் தாமறிந்த தெய்வங்களின் பெயரை இட்டனர். ஹேவ்லாக்கில் கோவிந்த நகர், ராதா நகர், கிருஷ்ண நகர், ஷ்யாம் நகர். நீலில் ராம் நகர், சீதாபூர், லட்சுமண்பூர், பரத்பூர். ஒரு தீவு கண்ணனுக்கு, மற்றது இராமகாதைக்கு. தளபதிகளின் பெயருக்கு அடியில், ஊரிழந்தோர் தம் வைணவ மரபை எழுதி வைத்தார்கள். ராதா நகரில் அந்தி மயங்கும் வேளையில் படம் எடுத்துக்கொள்ளும் இணையருள் எத்தனை பேர் அப்பெயரைச் சூட்டியது யாரென்று கேட்கிறார்கள்?

இப்போது தங்குமிடக் கேள்விக்கு நேரடியாக விடை காணலாம். ஹேவ்லாக்கில் விடுதிகள் பெரும்பாலும் கிழக்குக் கரையில், கோவிந்த நகருக்கும் விஜய நகருக்கும் இடையிலும் அதற்கு அப்பால் காலாபத்தர் செல்லும் வழியிலும் நெருங்கி நிற்கின்றன. இவையே மூன்றாம், ஐந்தாம் எண் கடற்கரைகள். புகழ் பெற்ற ராதா நகர், அதாவது ஏழாம் எண், மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே விடுதிகள் குறைவு. காரணம் நிலவரலாறு. கிழக்குக் கரையின் சமவெளியில் அகதிகளின் தென்னந்தோப்பும் கமுகந்தோப்பும் சாலைக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடந்தன. ராதா நகரின் பின்புறம் ஓங்கி நிற்பது வனத்துறைக் காடு. நெல் விளைந்த வயலின் விலை நின்ற இடத்திலேயே நிற்க, கடலோரத் தோப்பின் விலை ஏறியது. உரிமையாளருள் சிலர் தாமே குடில் கட்டினர். சிலர் குத்தகைக்கு விட்டனர். சிலர் விற்றுவிட்டு அதே விடுதியில் வேலைக்குச் சேர்ந்தனர். 2002-இல் உச்ச நீதிமன்றம் தீவுகளின் மரவெட்டுத் தொழிலுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. 2004-இல் டைம் இதழ் ராதா நகரை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்றது. இவ்விரண்டுக்கும் பின் சுற்றுலாவே தீவின் முதன்மைத் தொழிலாயிற்று. மரம் இழுக்கக் கொண்டுவரப்பட்ட ராஜன் என்ற யானை, வேலையற்றுப் போய், ஒரு விடுதியின் நீந்தும் விந்தையாக 2016 வரை வாழ்ந்து முடிந்தது.

தங்கக் கூடாத இடம் எது என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. ஜாரவா காப்பகத்தைச் சுற்றி 2007-இல் அறிவிக்கப்பட்ட இடைவெளிப் பகுதியில் வணிக விடுதிகளுக்குத் தடை வந்தது. ஒரு தனியார் விடுதி அதை எதிர்த்துக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வென்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையால் அப்பகுதியில் வணிக, சுற்றுலா நடவடிக்கைகளை நிறுத்தியது. ஆயினும் பாராடாங்குக்குச் செல்லும் சுற்றுலா வண்டிகள் காப்பகத்தின் ஊடே ஓடும் சாலையைத்தான் பயன்படுத்தி வந்தன. அவ்வழியே செல்லும் இணையருக்குச் சுண்ணாம்புக் குகை நோக்கமாக இருக்கலாம். வண்டியில் அமர்ந்திருக்கும் பலருக்கு நோக்கம் வேறு.

ஆகவே என் விடை இது. மணலும் நீச்சலும் விரும்புவோர், கிழக்குக் கரையில் தங்கி மாலையில் ராதா நகர் செல்லலாம். கிழக்கில் நீர் வடியும்போது பாறையும் பவளமும் வெளிப்பட்டு நீந்த இயலாது என்பதை நினைவிற் கொள்க. அமைதி வேண்டுவோருக்கு நீல் தீவு போதும். இரண்டிலும், குடியேறிய குடும்பத்தார் தாமே நடத்தும் விடுதிகள் இன்றும் உள்ளன, அவற்றை நாடுக. அந்த நிலம் பாட்டனார் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு மாலை கேட்டுப் பார்க்க. பாராடாங் பயணத்தைத் தவிர்க்க.

சுற்றுலா வரலாற்றில் ஆய்வு தொடங்கும் மாணவருக்கும் ஒரு சொல். விடுதிகளின் எண்ணிக்கையிலிருந்தும் பயணியர் வருகையிலிருந்தும் தொடங்க வேண்டா. குடியேற்ற ஆவணங்களிலும் நிலப் பதிவேடுகளிலும் தொடங்குக. இத்தீவுகளில் தமக்கு விருப்பமான கரையைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பெரிய அளவில் வாய்த்த முதல் கூட்டத்தார் சுற்றுலாப் பயணிகளே. கைதிக்கும், சிறையிலிருந்து மணம் முடித்து வந்தவளுக்கும், பேரந்தமானியருக்கும், 1945-இல் படகேறியவருக்கும், அகதிக்கும், ராஞ்சித் தொழிலாளிக்கும் கிடைக்காத உரிமை அது. அது எவ்வாறு, யாருடைய நிலத்தின் மீது சாத்தியமாயிற்று என்பதை விளக்கும் முழுமையான ஆய்வு தமிழில் வர வேண்டும்.