சாதிப் பாகுபாடும் மாணவர் மனநலமும்

சாதியைக் காரணம் காட்டி வகுப்பறையிலும் விடுதியிலும் மாணவரை ஒதுக்குவதும், அதனால் அவருக்கு நேரும் உளப் பாதிப்பும் இத்தலைப்பில் அடங்கும்.

வெளிப்படையான வசை ஒருவகை. இடஒதுக்கீடு, உதவித்தொகை பற்றிய கேலி மற்றொரு வகை. பின்னதை நிரூபிப்பது கடினம். உறக்கமின்மை, தனிமை, படிப்பில் பிடிப்பின்மை எனப் பல வழிகளில் இவ்விரு வகைகளின் பாதிப்பும் வெளிப்படலாம்.

ஒதுக்கப்பட்ட மாணவருக்கு இடமளிக்கும் முயற்சிகள் புதியவை அல்ல. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, ஒடுக்கப்பட்ட சமூகப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் அமைத்தார்.

பின்னாளில் அரசு சார்ந்த நடவடிக்கைகளும் வந்தன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நிலவிய சாதிப் பாகுபாட்டை, அதை விசாரித்த தோரட் குழு 2007இல் பதிவு செய்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012 விதிமுறைகள் உயர்கல்வி நிறுவனங்களில் சமவாய்ப்புப் பிரிவைக் கட்டாயமாக்கின. நாங்குநேரியில் சாதி வன்மத்தால் மாணவர் ஒருவர் வெட்டப்பட்டபின் தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகளைத் தடைசெய்ய 2024 ஜூனில் பரிந்துரைத்தது.