ஒரே வலை, மூன்று பெயர்கள்: தமிழகக் கடற்கரையின் கருவிப் பெயர்கள்

தமிழ்நாட்டின் கடற்கரை ஏறத்தாழ 1,076 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் வடமுனையில் வழங்கும் ஒரு மீன்பிடிக் கருவியின் பெயர் தென்முனையில் விளங்காமற்போவதும், ஒரே பெயர் இரண்டு ஊர்களில் இரண்டு கருவிகளைக் குறிப்பதும் இயல்பாகவே நிகழ்ந்து வந்துள்ளன. இவ்வேறுபாடுகளைப் பேச்சுவழக்கின் பிழைகள் என்று தள்ளிவிட இயலாது. ஒவ்வொரு வட்டாரத்தாரும் தம் தொழிலில் எதை முதன்மையாகக் கருதினர் என்பதை அவை காட்டுகின்றன.

தூண்டில் என்னும் சொல்லே இதற்கு நல்ல சான்று. பெரும்பாணாற்றுப்படை காட்டும் பாணன், நீண்ட மூங்கிற்கோலில் நாண் எனப்படும் கயிற்றைக் கட்டி, அதன் முனையில் வளைந்த வாயுடைய இரும்பைப் பொருத்தி, இறைச்சித் துண்டுகளை இட்ட தோற்பையுடன் நன்னீரில் மீன் பிடிக்கிறான். குளத்தங்கரையிலும் ஆற்றங்கரையிலும் இன்றும் தூண்டில் என்றால் கோல், கயிறு, மிதக்கும் தக்கை, முள் ஆகிய அனைத்தும் சேர்ந்த தொகுதியே நினைவுக்கு வருகிறது. படகில் அமர்ந்து கயிற்றைக் கையாலேயே இறக்கும் கடல் மீனவருக்குக் கோல் தேவைப்படாததால், அவர் பேச்சில் அச்சொல் கயிற்றையும் முள்ளையும், சிலவேளை முள்ளை மட்டுமே குறிக்கிறது. முள்ளில் கோக்கும் மண்புழுவும் இவ்வாறே ஓரிடத்தில் நாக்குப்பூச்சி என்றும் பழைய வழக்கில் நாங்கூழ் என்றும் பெயர் பெற்றது.

வலைகளின் பெயர்களில் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகிறது. கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிறுத்திவிட்டு, படகில் வலையை ஏற்றிச் சென்று கடலில் அரைவட்டமாக இறக்கி, மறுமுனையைக் கரைக்குக் கொண்டுவந்தபின் இருபுறமும் ஆட்கள் நின்று இழுக்கும் பெருவலை ஒன்று கடற்கரை நெடுகிலும் வழக்கத்தில் இருந்தது. சோழமண்டலக் கரையினர் அதன் அளவைக் கொண்டு பெரிய வலை என்றனர்; பாக் நீரிணையை ஒட்டிய பகுதியினரும் இலங்கைத் தமிழரும் இழுக்கப்படும் இடத்தைக் கொண்டு கரைவலை என்றனர்; குமரிக் கரையினரோ மீன்கள் இறுதியில் வந்து சேரும் பையாகிய மடியைக் கொண்டு கரைமடி என்றும், பேச்சில் கரமடி என்றும் வழங்கினர். அளவு, இடம், உறுப்பு என மூன்று நோக்குகளிலிருந்து மூன்று பெயர்கள் தோன்றினாலும், வலையின் அடிப்படை அமைப்பு ஒன்றே.

மீனின் பெயரால் வலையை அழைக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. சென்னைப் பக்கத்தில் கவலை எனப்படும் சிறுமீன் தெற்கே சாளை ஆகிவிடுவதால், அதற்கான வலையும் ஓரிடத்தில் கவலை வலையாகவும் மற்றோரிடத்தில் சாளை வலையாகவும் அறியப்பட்டது. இவற்றோடு ஆளுக்கு ஆள் மாறும் அளவும் உண்டு: கயிற்றின் நீளத்தையும் கடலின் ஆழத்தையும் அளக்கப் பயன்படும் பாகம் என்பது, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை உள்ள தூரமாதலால், நெட்டையானவரின் பத்துப் பாகமும் குட்டையானவரின் பத்துப் பாகமும் ஒரே நீளமாக இரா.

இப்பெயர்கள் முறையாக எழுத்தில் பதிவானதற்குச் சென்னை மாகாண மீன்வளத் துறை பெருந்துணை புரிந்தது. ஆங்கிலேய அதிகாரி பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் உருவான அத்துறையில் பணியாற்றி அதன் இயக்குநராகவும் விளங்கிய ஜேம்ஸ் ஹார்னெல், சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைப் பற்றி 1920களில் வெளியிட்ட ஆய்வில், படகுகளையும் வலைகளையும் அவற்றின் உள்ளூர்ப் பெயர்களுடனேயே விவரித்தார். பருத்தியையும் சணலையும் முறுக்கி வலை பின்னி, அது உப்புநீரில் இற்றுப்போகாதிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்த காலம் அது. 1950களுக்குப்பின் நைலான் பரவியபோது அத்தொழில்களும், அவற்றோடு இணைந்த சொற்களும் தேய்ந்தன. ஒற்றை இழையாலான செயற்கை நூலுக்கு நரம்பு என்றும் தங்கூஸ் என்றும் புதுப்பெயர்கள் வழங்கலாயின. இறக்குமதியான தூண்டில் முட்கள் எண்ணிட்டு வந்ததால், முள்ளை எண்ணால் சுட்டும் வழக்கமும் வேரூன்றியது.

வட்டாரப் பெயர்களை அறிவது மொழியார்வம் உடையோருக்கு மட்டும் உரிய வேலையன்று. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் தடைகளும் வரம்புகளும் குறிப்பிட்ட வலைகளைப் பெயர் சுட்டியே பேசுகின்றன. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடிப்பகுதியைச் சுருக்கிப் பிடிக்கும் வலையாகிய, தமிழகத்தில் நெடுங்காலம் வழக்காடலுக்கு உள்ளான சுருக்குமடி, இலங்கைத் தமிழில் சுருக்கு வலை எனப்படுகிறது. ஆணையில் ஒரு பெயரும் துறைமுகத்தில் வேறொரு பெயரும் வழங்குமானால், எந்தக் கருவி தடைப்பட்டது, எது தடைப்படவில்லை என்ற ஐயம் எழுவது உறுதி. ஆகவே கருவியின் வடிவம், வலைக்கண்ணின் அளவு, பயன்படும் பருவம் ஆகியவற்றோடு ஊர்தோறும் வழங்கும் பெயரையும் சேர்த்துத் தொகுப்பது வரலாற்றாசிரியரின் கடமை மட்டுமன்று, மீன்வள நிருவாகத்தின் கடமையும் ஆகும்; அத்தொகுப்பை முதலில் சரிபார்க்க வேண்டியவர்கள் அக்கருவிகளைக் கையாளும் மீனவர்களே.