ஏழாம் தலைமுறை நிகழ்பட ஆட்ட இயந்திரங்கள்

ஏழாம் தலைமுறை நிகழ்பட ஆட்ட இயந்திரங்களுள் முதன்மையானவை மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் 360, சோனியின் பிளேஸ்டேசன் 3, நின்டென்டோவின் வீ ஆகியவை ஆகும். முதலாவது நவம்பர் 2005 இலும், மற்ற இரண்டும் நவம்பர் 2006 இலும் வெளிவந்தன.

வன்பொருள்

எக்ஸ்பாக்ஸ் 360 இன் செயலி 3.2 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையது. மூன்று கருக்களைக் கொண்டது. அதன் 512 மெகாபைட் நினைவகத்தைச் செயலியும் வரைகலைப் பகுதியும் பகிர்ந்துகொள்கின்றன. பிளேஸ்டேசன் 3 இன் செல் செயலியும் அதே வேகமுடையது. ஆயினும் அதன் அமைப்பு சிக்கலானது. நினைவகமும் 256 மெகாபைட் கொண்ட இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இதனால் ஆட்டங்களுக்கு நிரல் எழுதுவது கடினமாயிற்று. இது புளூ-ரே வட்டுக்களையும் இயக்கும். வீயின் செயலி 729 மெகாஹெர்ட்ஸ் வேகமே உடையது. உயர் வரையறைப் படங்களைக் காட்டாது. கையசைவை உணரும் இயக்கியே அதன் சிறப்பு.

ஆட்டங்கள்

எக்ஸ்பாக்ஸ் 360 இல் ஹேலோ 3 (2007), பிளேஸ்டேசன் 3 இல் அன்சார்ட்டட் தொடர், த லாஸ்ட் ஆஃப் அஸ் (2013) ஆகியன புகழ்பெற்றன. வீ ஸ்போர்ட்ஸ் (2006) சப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் இயந்திரத்துடனேயே வழங்கப்பட்டது.

விற்பனை

வீ 10 கோடிக்கு மேலும், மற்றவை ஒவ்வொன்றும் 8 கோடிக்கு மேலும் விற்பனையாயின. வன்பொருளில் பின்தங்கிய வீ, முன்பு ஆடிப் பழகாத முதியோரையும் குடும்பத்தினரையும் ஈர்த்தமையால் முதலிடம் பெற்றது.