பெயரில்லாக் கடிதம்

சில வருடங்களுக்கு முன் ரெட்டியார்பாளையத்தில் பெரியம்மா வீட்டுக்குப் பிரான்சிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையில் ஓர் ஆஸ்பத்திரியின் முத்திரை. தெருக்கோடியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தாவிடம் எடுத்துப் போனோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"உங்க குடும்பத்துல யாருக்கோ பரம்பரையா வர்ற ஏதோ ஒண்ணு இருக்காம். நீங்க மரபணு டாக்டரப் பாக்கணுமாம்."

"யாருக்கு? என்னா வியாதி?"

"அத மட்டும் எழுதல."

எழுதியிருக்கவும் முடியாது. அந்த மௌனம் சட்டப்படியானது. பிரான்சின் 2011ஆம் ஆண்டு உயிரியல் அறநெறிச் சட்டமும் 2013 ஜூன் மாத அரசாணையும் சொல்வது இதுதான்: கடுமையான மரபணுக் கோளாறு ஒருவருக்குத் தெரியவந்தால், அதனால் பாதிக்கப்படக்கூடிய உறவினர்களுக்கு அவர் தெரிவித்தாக வேண்டும். தன் வாயால் சொல்ல மனமில்லை என்றால் மருத்துவரை எழுதச் சொல்லலாம். அப்படி எழுதும் கடிதத்தில் நோயாளியின் பெயரோ நோயின் பெயரோ இருக்கக் கூடாது.

பெயர் சொல்லாமல் குடும்பத்தின் நோயைச் சொல்வது பிரான்சுக்குப் புதிதல்ல. பால் புரோக்கா என்ற பாரிஸ் அறுவை மருத்துவர் கட்டிகளைப் பற்றி 1866இல் வெளியிட்ட நூலில் ஒரு குடும்பத்தின் வரலாற்றைத் தந்தார். பெண்களுக்குப் பெயர் இல்லை, எழுத்துகள் மட்டுமே. 1788இல் அறுபது வயதில் மார்பகப் புற்றால் இறந்த ஒரு பெண்ணில் அது தொடங்குகிறது. அவளுடைய நான்கு மகள்களில் இருவர் மார்பகப் புற்றாலும் இருவர் ஈரல் புற்றாலும் இறந்தார்கள். மொத்தத்தில் அந்த வம்சத்தின் 24 பெண்களில் 10 பேரை மார்பகப் புற்று கொண்டுபோயிருந்தது. அது புரோக்காவின் மனைவியுடைய குடும்பம் என்பார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகனில் இதை ஒரு தையற்காரப் பெண்ணே சொன்னாள். 1895இல் பாலின் கிராஸ் என்பவள் ஆல்டிரெட் வார்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் குடல் புற்றிலோ கருப்பைப் புற்றிலோதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாள். வார்தின் சிரிக்கவில்லை. அவளும் உறவுகளின் விவரங்களைத் திரட்டித் தந்தாள். 1913இல் அவர் அதை வெளியிட்டார். அவள் சொன்னபடியே கருப்பைப் புற்றால் இறந்தாள். அந்தக் குடும்பத்தில் கோளாறான மரபணு எது என்று 2000இல்தான் கண்டுபிடித்தார்கள். அவள் சொல்லி நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நம் பக்கம் முத்துலட்சுமி ரெட்டி. 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அது பரம்பரை நோய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குள் மறைக்கும் நோயை மேடையில் பேசினார், பணம் திரட்டினார். 1954 ஜூனில் அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதி புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. அடையாற்றில் இன்று பரம்பரைப் புற்றுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு இருக்கிறது.

1990இல் மேரி கிளேர் கிங் மார்பகப் புற்று மரபணு ஒன்று 17ஆவது குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994இல் அந்த பிஆர்சிஏ1 பிரித்தெடுக்கப்பட்டது, அடுத்த வருடம் பிஆர்சிஏ2. மார்பகப் புற்றில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இப்படிப் பரம்பரையாக வருவது. வரும் வீட்டில், பெற்றவரிடம் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு. நோய் வந்தவருக்கு முதலில் சோதித்து, எந்த மரபணுவில் எந்த இடம் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தைப் பார்த்தால் போதும்.

நம் வீடுகள் சறுக்குவது அப்பா வழியில். அத்தை, சித்தி, பெரியம்மா என்று யார் எந்த வழி உறவு என்பதை ஒரே சொல்லில் சொல்லும் மொழி நம்முடையது. ஆனாலும் அத்தைக்கு வந்த நோயை, கட்டிக்கொடுத்த வீட்டு நோயாகவே கணக்கு வைக்கிறோம். ஆண்கள் இந்த மரபணுவைச் சுமந்து, பெரும்பாலும் தமக்கு ஒன்றும் வராமலேயே, மகளுக்குக் கொடுத்துவிட முடியும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன பதிவேடுகள் உண்டு. யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எந்த நாளில் இறந்தார் என்பதெல்லாம் இருக்கும். எதனால் இறந்தார் என்பது இருக்காது. அது கிழவிகளின் நினைவில்தான் இருக்கிறது.

அன்று ராத்திரி பெரியம்மா பேச ஆரம்பித்தார். "எங்கம்மா வயித்துக் கட்டியிலதான் போனாங்க. அம்மாவோட அக்காளுக்கு மாருல புண்ணு. மஞ்சத்துணியால மூடியே வச்சிருந்தாங்க. பிரான்சுக்குப் போன எங்கண்ணனுக்கு ஒண்ணும் இல்ல. அவம் பொண்ணுதான் போன வருஷம் தலைமுடியெல்லாம் வெட்டிட்டு போட்டோ அனுப்பிச்சா. ஸ்டைலுன்னு நெனச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் அம்மா. பெரியம்மாவின் தங்கை. அம்மா ஒன்றும் பேசவில்லை.

பெரியம்மாவின் பேத்திக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் பெரியப்பா. அவர் கெட்டவர் இல்லை. பெண் வீட்டில் நோய் என்றால் சம்பந்தம் நிற்குமா என்ற பயம் அவருக்கு. ஆனால் அவர் தள்ளிப்போடச் சொன்னது அந்தப் பேத்தியின் அம்மாவையும் சேர்த்துத்தான். அவளுக்கு நாற்பத்தாறு வயது.

"எங்கம்மாக்கு யாருமே முன்னாடி சொல்லல" என்றார் பெரியம்மா. "சொல்ல ஆளு இல்ல. இப்ப நான் இருக்கன்ல."

கடித உறையின் பின்பக்கத்தில் என்னை எழுதச் சொன்னார். ஆறு பேர். முதல் பெயர் அவருடைய மகள், இரண்டாவது என் அம்மா. வில்லியனூரில் கட்டிக்கொடுத்த சித்தி மகளுக்கு யார் போன் போடுவது என்பதில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. அம்மாதான் கடைசியில் போனை எடுத்தார்.